கோபுரத்தின் உயரம்

இருபத்தாறு வருஷமாகச் சொல்லிவந்த கதையில் பூமிநாதனுக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டு பல வருஷம் ஆகிறது. எந்த நாளில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பல் ஆடுவது போலத்தான் அது. முதலில் நாக்குக்கு மட்டும் தெரியும். வெளியே சிரிக்கலாம், சாப்பிடலாம், யாருக்கும் ஒன்றும் தெரியாது. தனியாக இருக்கும்போது மட்டும் நாக்கு தானாக அங்கே போய்த் தொட்டுப் பார்க்கும். சாயக்காரச் சந்தின் முனையில், சிக்கந்தர் பாயின் சர்பத் கடைக்கு முன்னால் கிடந்த இரும்பு ஸ்டூலில், மத்தியானம் மூன்று மணி வெயிலில் உட்கார்ந்திருந்த பூமிநாதனின் நாக்கு இப்போது அங்கேதான் இருந்தது. ஒதில் அம்மாள் சந்துக்குள் போய் இருபது நிமிஷம் ஆகிவிட்டது. அரை மணியில் வந்துவிடுகிறேன், நீங்கள் வரவேண்டாம் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, தோள்பையை வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொள்ளாமல் முதுகுப் பக்கம் அசட்டையாகத் தொங்கவிட்டபடி அந்த அறுபது வயதுப் பிரெஞ்சுக்கார அம்மாள் உள்ளே போனார். பையைப் பார்த்தே பயத்தை அளந்துவிடுவார் பூமிநாதன். மதுரையில் கைடாக இத்தனை வருஷம் நடந்ததில் கற்றுக்கொண்ட கணக்கு அது. வெளிநாட்டுக்காரர்கள் ரயிலை விட்டு இறங்கும்போது பை முதுகில் இருக்கும். ஆட்டோக்காரர்கள் நாலு பேர் சூழ்ந்ததும் தோளுக்கு வரும். அவர் கதையைச் சொல்லி முடித்ததும் நெஞ்சுக்கு வந்துவிடும்; இரண்டு கையாலும் கட்டிக்கொள்வார்கள், பிள்ளையைக் கட்டிக்கொள்வதுபோல. இந்த அம்மாளுக்கும் காலையில் கதையைச் சொன்னார். பை இம்மிகூட நகரவில்லை.

கதை ஒன்றும் பெரிதில்லை. மேலக் கோபுரத்து நிழலில் நிறுத்திவைத்து, செருப்பைக் கழற்றுகிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். ஒரு டிசம்பர் மாதம், கிளோதின் என்கிற ஒரு பிரெஞ்சுப் பெண் கைடு யாரும் இல்லாமல் தனியாகச் சாயக்காரச் சந்துக்குள் போனாள். முழங்கை வரை நீலமாக இருந்த ஒருவன் அவளைப் பிடித்துத் தள்ளினான், பையைப் பிடுங்கிக்கொண்டான். மணிக்கட்டு முறிந்தது. பையும் போனது, பாஸ்போர்ட்டும் போனது. ஆகவே தயவுசெய்து என் கூடவே வாருங்கள், இந்த ஊர் நல்ல ஊர்தான், ஆனால் சில சந்துகள் அப்படி இல்லை. இவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தவர் சவரிராயன் அண்ணன். பூமிநாதன் முப்பது வயது ஆகுமுன்னே இந்தத் தொழிலுக்கு வந்தபோது கையைப் பிடித்து அழைத்துவந்தவர் அவர்தான். அவருடைய சூத்திரம் ஒன்று உண்டு: "மொதல்ல பயத்தக் குடு, அப்புறம் கையக் குடு. சாகுறமட்டும் கைய விடமாட்டான்." பயந்த ஆள் பக்கத்திலேயே நிற்பான். பக்கத்தில் நிற்கிறவன் நாம் காட்டுகிற கடையில்தான் சேலை வாங்குவான். சாயம் போடுகிற இடத்துக்கே நேராகப் போய்ப் பாதி விலைக்குச் சுங்குடி வாங்கிக்கொண்டு வரமாட்டான். இதெல்லாம் வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒரு வருஷம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு கூட்டம், எட்டுப் பேரும் தடித்தடியாக, கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். அன்றைக்கு பூமிநாதனின் வாயில் தானாக ஒரு கத்தி வந்தது. கத்தியைக் காட்டினான் என்றார். சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் கத்தி கதையிலேயே தங்கிவிட்டது. போன தை மாதம் ஒரு ஜெர்மன்காரன் செல்போனை நீட்டி, இந்த ஊரில் சாயக்காரர்களின் சந்து ஒன்று இருக்கிறதாமே, அங்கே நீலக் கைக்காரர்கள் கத்தி வைத்திருப்பார்களாமே, இரண்டு பெண்கள் செத்துப்போனார்களாமே, உண்மையா என்று கேட்டான். எவனோ எழுதியிருக்கிறான், அதை நானூறு பேர் ஆமோதித்திருக்கிறார்கள். தன் வாயிலிருந்து விழுந்த கத்தி தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு, இரண்டு பிணங்களையும் சேர்த்துக்கொண்டு தன் கைக்கே திரும்பி வந்திருப்பதைப் பூமிநாதன் அந்தச் சின்னத் திரையில் பார்த்தார். உண்மையில்லை என்று சொல்லியிருக்கலாம். கவனமாக இருப்பது நல்லது என்றார்.

"என்ன கைடு, பார்ட்டி உள்ள போயி அரை மணி ஆகப்போகுது. ஒங்க கத்திக்காரன் புடிச்சுக்கிட்டானா?" என்றார் சிக்கந்தர் பாய், எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்தபடி. பூமிநாதன் சிரித்துவைத்தார். "சிரிக்காதீங்க. முப்பது வருசமா இந்த முக்குல கட வச்சிருக்கேன். இந்தச் சந்துல கத்தின்னு ஒண்ணு இருந்தா அது இந்தா இருக்கு, என் கையில. பழம் அறுக்குறது." பாய் கத்தியைத் தூக்கி வெயிலில் காட்டினார். "ஒங்க ஆளுக இங்கிட்டு வந்தா நின்னு எட்டிப்பாத்து போட்டோ எடுத்துட்டு ஓடுதுக. ஒரு சர்பத்து குடிக்காதுக. எனக்குமில்ல யாவாரம் போச்சு ஒங்க கதையால." கோபமாகச் சொல்லவில்லை. பாய் எதையும் கோபமாகச் சொல்வதில்லை. அதனால்தான் அது உள்ளே போய் நிற்கிறது. நன்னாரி வாசனையோடு சந்துக்குள்ளிருந்து சாயத் தண்ணீரின் வாசனையும் வந்தது. ஈரத் துணியும் உப்பும் கலந்த, கொஞ்சம் குமட்டுகிற வாசனை. இந்த இடத்தில் எத்தனையோ தரம் நின்றிருக்கிறார். உள்ளே மட்டும் போவதில்லை. கடைசியாகப் போனது அந்த டிசம்பரில். அப்புறம் வடக்கே போகவேண்டுமென்றால் ஆவணி மூல வீதியைச் சுற்றிக்கொண்டுதான் போவார். மனைவி ஒருமுறை கேட்டாள், குறுக்கு வழி இருக்கையில் எதற்கு இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறீர்கள் என்று. சந்து வழுக்கும் என்றார். அது பொய்யில்லை. சந்து வழுக்கத்தான் செய்யும். கல் பாவிய தரையில் சாயத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், பழக்கமில்லாதவர்கள் விழுவார்கள். பழக்கமில்லாதவர்கள் விழுவார்கள் என்கிற இடத்தில் நினைப்பு முட்டி நின்றது. எப்போதும் அங்கேதான் வந்து முட்டுகிறது.

காலையில் கதையைக் கேட்டுவிட்டு ஒதில் அம்மாள் ஒரு கேள்வி கேட்டார். அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று? பூமிநாதனுக்குப் புரியவில்லை. எந்த ஆளுக்கு? நீலக் கை ஆளுக்கு. அவரைப் பிடித்தார்களா, என்ன செய்தார்கள்? இருபத்தாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருப்பார். அந்தப் பெண்ணுக்குக் கை சரியானதா என்று கேட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட் கிடைத்ததா என்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் இருக்கும் லாட்ஜிலிருந்து அந்தச் சந்து எவ்வளவு தூரம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஜெயில் என்றார் பூமிநாதன். எத்தனை வருஷம்? மூன்று என்றார். மூன்று எங்கிருந்து வந்தது என்று அப்போது அவருக்கே தெரியவில்லை. அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு, என்னிடம் பாரிஸிலேயே மூன்று தடவை திருடியிருக்கிறார்கள், யாருக்கும் ஒரு நாள்கூட ஜெயில் கிடைக்கவில்லை, உங்கள் போலீஸ் கெட்டிக்காரர்கள் என்றார். கேலியா, நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவராம். வாத்தியார்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், பையன் சொல்லட்டும் என்று. இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தபோது மூன்று எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தபின் துளசிராம் உயிரோடு இருந்தது மூன்று வருஷம்.

துளசிராம். அந்தப் பெயரை அவர் கதையில் சொன்னதில்லை. நீலக் கைக்காரனுக்குப் பெயர் இருந்தால் கதை வேறு மாதிரி ஆகிவிடும். ஒல்லியான ஆள், வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பேசுகிறவர், பேசும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்கிற பழக்கம் உள்ளவர்; சாயக் கையை ஊரார் முன்னால் நீட்டக் கூச்சம். அந்தச் சந்தில் ஆம்பிளை பொம்பிளை எல்லோருக்கும்தான் நீலக் கை. அவரை மட்டும் பிடித்ததற்குக் காரணம் கிளோதினின் சட்டை. வெள்ளைச் சட்டை. முழங்கைக்கு மேலே ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தது, குழந்தைகள் சுவரில் கை வைத்ததுபோல அவ்வளவு தெளிவாக. பாவாடை முழுக்கச் சாயத் தண்ணீர். இன்ஸ்பெக்டர் அந்த விரல் தடத்தைப் பேனாவால் சுட்டிக்காட்டினார். நீலக் கைக்காரன் எவனோ புடிச்சுத் தள்ளியிருக்கான், கேளுய்யா என்றார் மொழிபெயர்க்க வந்திருந்த சவரிராயனிடம். போலீஸ் போய்க் கேட்டதும் துளசிராம் தானாகவே முன்னால் வந்தார். நான்தான் சார், நான்தான் அந்தம்மாவப் புடிச்சேன் என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை. வழுக்கி விழுந்தாங்க சார், கையப் புடிச்சுத் தூக்கி விட்டேன் சார், பைய நான் பாக்கவே இல்ல சார். ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார்ந்திருந்த பூமிநாதனின் காதில் மட்டும் அது ஏறியது. ஏறி, இருபத்தாறு வருஷமாக இறங்காமல் இருக்கிறது. வலது கைதான் தூக்கிவிட்ட கை. வலது கையைத்தான் போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்தன. கேஸ் எழுதவில்லை. பை கிடைக்கவேயில்லை. ஈரத் துணியைப் பிழிய இரண்டு கை வேண்டும். துளசிராம் வாசல்படியில் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, யாருடைய சாமானையோ பார்த்துக்கொள்ளச் சொன்னதுபோல உட்கார்ந்திருந்தாராம். கை வெளுத்துவிட்டது என்றார் பாய் ஒருநாள். நீலம் போய்விட்டது, வேலை செய்யாத கையில் சாயம் நிற்காது என்றார். அப்புறம் ஒருநாள் காய்ச்சல் என்றார்கள். அப்புறம் பறைச்சத்தம் கேட்டது. அன்றைக்கு பூமிநாதனுக்கு ஒரு இத்தாலிக்காரக் குடும்பம். கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணி மூன்று முப்பத்தைந்து. சந்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வந்தது, ஒரு நாய் வந்தது, நெற்றியில் நாமம் போட்ட ஒரு கிழவர் வந்தார். அந்த அம்மாள் வரவில்லை. ஏதாவது ஆகியிருந்தால்? விழுந்திருந்தால்? யாராவது நிஜமாகவே பையைப் பிடுங்கியிருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் அதற்குப் பின்னாலேயே இன்னொன்று, கூட்டத்தில் இடித்துக்கொண்டு வருகிறவன்போல வந்தது. பிடுங்கியிருந்தால் நல்லது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் நினைத்தது நினைத்ததுதான். பிடுங்கியிருந்தால், தள்ளியிருந்தால், ஒரு ரத்தக் காயத்தோடு அந்த அம்மாள் அழுதுகொண்டு வந்தால், கதை உண்மையாகிவிடும். சந்து அப்படிப்பட்ட சந்துதான் என்று ஆகிவிடும். துளசிராமும் அப்படிப்பட்ட ஆளாக இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை சங்கத்து மேடையில் கூசாமல் ஏறிப் பேசலாம். ஒரு வயதான பொம்பிளைக்கு அடிபட வேண்டுமென்று தன் மனசு வேண்டிக்கொள்கிறது, எதற்காக? தான் நிம்மதியாகத் தூங்குவதற்காக. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாய் எதுவும் கேட்காமலே ஒரு சர்பத்தை எதிரில் வைத்தார். வாய் வைத்தால் நன்னாரி கசந்தது.

ஞாயிற்றுக்கிழமை சவரிராயன் அண்ணனுக்குப் பாராட்டு விழா. எழுபத்துமூன்று வயது, நாற்பத்தைந்து வருஷச் சேவை. கைடுகள் சங்கத்துச் செயலாளர் அருள்மொழி நேற்று போன் பண்ணினான். "அண்ணே, நீங்கதான் அண்ணனப் பத்திப் பேசணும். அந்தப் பிரெஞ்சுக்காரம்மா கதயக் கட்டாயம் சொல்லீருங்க. அண்ணன் மட்டும் அன்னைக்கு மொழிபெயர்க்கலன்னா அந்தத் திருட்டுப்பய மாட்டியிருப்பானா? பாஷ தெரிஞ்ச ஆளு ஊருக்கு எவ்வளவு முக்கியம்னு சின்னப் பயலுகளுக்குப் புரியட்டும்ணே." சரிப்பா என்றார் பூமிநாதன். சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கிறது. பாஷை தெரிந்த ஒருவர் என்று தொடங்குகிறது. அதற்கு மேல் நேற்றிரவு எழுத வரவில்லை. சவரிராயன் பெரிய மனுஷர், அதில் சந்தேகமில்லை. பூமிநாதனுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர். பெண் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் நின்று பரிமாறியவர். அந்தக் காலத்தில் ஊரில் பிரெஞ்சு தெரிந்த ஒரே கைடு அவர்தான். பாண்டிச்சேரியில் ஒரு சாமியாரிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். பொற்றாமரைக் குளத்துப் படியில் நின்று கையைத் தூக்கினார் என்றால் கொட்டும். கோபுரம் எத்தனை அடி, எத்தனை பொம்மை, எந்த ராஜா, எந்த வருஷம், ஒரு மூச்சில் வரும். கூட்டம் கை தட்டும். பூமிநாதன் அவருக்குக் குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் தூக்கிக்கொண்டு பின்னால் நின்ற அந்த முதல் இரண்டு வருஷமும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறார்.

இன்று காலை நடந்ததுதான் மறுபடியும் நினைப்பில் வந்து நின்றது. லாட்ஜில் ஒதில் அம்மாள் இட்லியை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தபோது சவரிராயன் அண்ணன் அந்தப் பக்கமாக வந்தார். பிரெஞ்சுக்காரம்மா என்றதும் முகம் மலர்ந்தது. "போன்ஜூர் மதாம்!" என்றார். நின்ற நிலையில் ஐந்து நிமிஷம் பொழிந்தார். அந்த அம்மாள் கரண்டியை வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார், ஏதோ கேள்வி கேட்டார், அண்ணன் பதில் சொன்னார், சிரித்தார், "வுய், வுய்" என்று ஆமாம் போட்டார், போய்விட்டார். அவர் போனதும் அந்த அம்மாள் பூமிநாதனிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: "உங்கள் நண்பர் அருமையாகப் பேசுகிறார், இசைத்தட்டு மாதிரி. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். தெற்குக் கோபுரத்தின் உயரத்தைச் சொன்னார்." பூமிநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். வயதாகிவிட்டது, காது மந்தம் என்றார். சிரிப்பு அடங்கி, மேலக் கோபுரத்துக்கு வந்து, கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் எங்கோ வாய் ஒரு கணம் நின்றது. காது மந்தமா? அந்தக் காலத்தில் அண்ணனுக்குக் காது பாம்புக் காது. அப்போதும் யாராவது கேள்வி கேட்டால் என்ன செய்வார்? யோசித்துப் பார்த்தால் கண்ணுக்கு முன்னால் வருகிறது. சிரிப்பார். வுய் வுய் என்பார். கேட்டவரின் தோளில் கையைப் போட்டு அடுத்த தூணுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார். அங்கே அடுத்த பாராவைத் தொடங்குவார். நூறு தரம் பார்த்திருக்கிறார் பூமிநாதன். நூறு தரமும் அது சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தார். ஆயிரம் தூண் உள்ள கோயிலில் எத்தனை கேள்வி வந்தாலும் அடுத்த தூண் ஒன்று இருக்கும். ஸ்டேஷனில் அடுத்த தூண் இல்லை.

ஸ்டேஷனில் ஒரு மேஜை இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர், இந்தப் பக்கம் கிளோதின், நடுவில் சவரிராயன் அண்ணன். பூமிநாதன் வராந்தாவில், ஜன்னல் ஓரம். அந்தப் பெண் பேசினாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு பத்து நிமிஷம் விடாமல் பேசினாள். தரையைக் காட்டினாள். காலை இழுத்துக் காட்டினாள். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், வுய், வுய். அவள் நிறுத்தியதும் இன்ஸ்பெக்டர் என்னய்யா சொல்லுது என்றார். அண்ணன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "நீங்க சொன்னதுதான் சார். நீலக் கைக்காரன் தள்ளிவிட்டுப் பையப் புடுங்கிட்டானாம்." பத்து நிமிஷப் பேச்சு தமிழில் இவ்வளவு சின்னதாகிவிடுமா என்று அன்றைக்கே ஒரு கணம் தோன்றியது. பிரெஞ்சு வளவளா பாஷையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் துளசிராமைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இதுதான் பூமிநாதனை விடாத இடம். அவரைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்தாள். கட்டுப்போட்ட கையையும் நல்ல கையையும் எப்படியோ ஒன்றாகச் சேர்த்து அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். ஏதோ சொன்னாள், இரண்டு வார்த்தையோ மூன்று வார்த்தையோ. அழுதாள். துளசிராமும் பதிலுக்குக் கும்பிட்டார், நீலக் கைகளைக் கூப்பி. அண்ணன் குறுக்கே விழுந்து சொன்னார்: "பயப்படுறாங்க சார். இவன என் கண்ணு முன்னால நிறுத்தாதீங்கன்னு கெஞ்சிக் கும்பிடுறாங்க." இன்ஸ்பெக்டர் கையை அசைத்தார். துளசிராமை உள்ளே கொண்டுபோனார்கள். அந்தப் பெண் நிற்காமல் என்னவோ கத்தினாள். அண்ணன் அவள் தோளில் கையைப் போட்டு வெளியே அழைத்துக்கொண்டு வந்தார். அடுத்த தூணுக்கு. அன்று சாயங்காலமே ரயில் ஏற்றிவிட்டார்கள். பயந்துபோன ஒருத்தி, தன்னைத் தள்ளியவனை எழுந்து நின்றா கும்பிடுவாள்? முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாளா? இதை ஒரு தரம், பத்து வருஷத்துக்கு முன், அண்ணனிடம் கேட்க வாயெடுத்தார். அண்ணன் அவர் தட்டில் ஒரு துண்டு மீனை எடுத்து வைத்து, "தின்னுடா, எளச்சுப்போயிட்ட" என்றார். தின்றார்.

மூன்று ஐம்பது. பூமிநாதன் எழுந்துவிட்டார். சந்து வாயில் போய் நின்றார். ஒரு காலை உள்ளே வைத்தார். செருப்புக்குக் கீழே நீலத் தண்ணீர் மெல்லிசாக ஓடியது. இருபதடி தள்ளி இடதுபுறம் பச்சைக் கதவு, துளசிராம் வீடு. அவர் மனைவி ராதாபாய் அங்கேதான் இருக்கிறார். எப்போதாவது ஆவணி மூல வீதியில் எதிர்ப்படுவார். ஒன்றும் பேசமாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான், தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோல. ராதாபாய்க்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று பூமிநாதனுக்குத் தெரியாது. "என்ன கைடு, கால் வழுக்குதா?" என்றார் பாய் பின்னாலிருந்து. அடுத்த காலை எடுத்து வைக்க முடியவில்லை. அங்கே போய் யாரைப் பார்த்து எந்த முகத்தோடு, எங்கள் பார்ட்டி வந்ததா என்று கேட்பது? எங்கள் பார்ட்டி இங்கே ஒருநாள் வந்தது, அதற்குத்தான் நீங்கள் விலை கொடுத்தீர்கள், இன்றைக்கு இன்னொன்று வந்திருக்கிறது, பத்திரமாக இருக்கிறதா? அப்போது பச்சைக் கதவு திறந்தது. ஒதில் அம்மாள் வெளியே வந்தார். பை முதுகில்தான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் கல்லில் ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். அருகில் வந்ததும் வலது கையை விரித்துக் காட்டினார். மணிக்கட்டு வரை நீலம்.

தொட்டியில் கையை விடச் சொன்னார்கள், ஒரு வாரம் போகாதாம் என்றார். சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். பாய் கொடுத்த சர்பத்தை நீலக் கையால் வாங்கினார். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த மருமகள் ஒருத்தி இருக்கிறாள் என்றார். சுவரில் ஒரு படம் இருந்தது, யார் என்று கேட்டேன், மாமனார் என்றாள். ஒரு வெளிநாட்டுப் பெண் அவர்கள் வாசலில் விழுந்தபோது தூக்கிவிட்டாராம். அதற்காகப் போலீஸ் கொண்டுபோனதாம். ஒதில் அம்மாள் பூமிநாதனை அந்த வாத்தியார்ப் பார்வை பார்த்தார். "காலையில் நீங்கள் சொன்னதில் அவருக்கு மூன்று வருஷம் ஜெயில். உள்ளே அவருக்கு மாலை போட்டிருக்கிறது." பூமிநாதன் பச்சைக் கதவைப் பார்த்தார். "வயதான அம்மா உங்கள் பெயரைக் கேட்டார். கைடு யார் என்று. சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டார். அப்புறம் வெளியே வரவில்லை." அந்த அம்மாள் சர்பத்தைக் கொஞ்சம் குடித்தார். "யார் மொழிபெயர்த்தது? அந்தப் பெண் பேசியதை?" பாய் பழம் அறுப்பதை நிறுத்தியிருந்தார். பூமிநாதன் வாயைத் திறக்குமுன்னே வீதியில் குடை தெரிந்தது. கறுப்புக் குடை, மூங்கில் பிடி. தினமும் நாலு மணிக்குத் தவறாமல் சர்பத்துக்கு வருகிற சவரிராயன் அண்ணன்.

"என்னடா பூமி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? பாய், எனக்கு ஐஸ் இல்லாம." குடையை மடக்கினார். ஒதில் அம்மாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஓ! போன்ஜூர் மதாம்!" அந்த அம்மாள் எழுந்து நின்றார். நீலக் கையை அவர் முன்னால் நீட்டி, பிரெஞ்சில், நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக ஏதோ கேட்டார். சந்துப் பக்கம் கையைக் காட்டினார். பச்சைக் கதவைக் காட்டினார். தன் முழங்கையைத் தானே பிடித்துத் தூக்கிக் காட்டினார். மறுபடியும் கேட்டார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், வுய், வுய். உதட்டில் அந்தச் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் அந்த அம்மாளின் வாயை விட்டு நகரவில்லை. கரை தெரியாத தண்ணீரில் நிற்கிறவன் கண்போல, எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளத் தேடியது. அந்தக் கண்ணை ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்திருக்கிறார் பூமிநாதன். அந்த அம்மாள் நிறுத்தினார். எல்லோரும் காத்திருந்தார்கள். சவரிராயன் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கையைத் தூக்கி, வீடுகளின் கூரைக்கு மேலே தெரிந்த கோபுரத்தைக் காட்டி, கணீரென்று ஆரம்பித்தார். பிரெஞ்சு தெரியாத பூமிநாதனுக்கு அந்த வரிகள் மனப்பாடம். உயரம், பொம்மைகள், ராஜா, வருஷம். பாதியில் அவர் அண்ணனின் தூக்கிய கையைப் பிடித்தார். மெதுவாகக் கீழே இறக்கினார். பிடித்த கையை விடவில்லை. கிழவரின் மணிக்கட்டில் நாடி படபடவென்று துடித்தது. "என்னடா?" என்றார் அண்ணன், சிரிப்பு இன்னும் உதட்டில் இருக்க. பூமிநாதனின் குரல் பக்கத்திலிருந்த பாய்க்குக்கூடச் சரியாகக் கேட்டிருக்காது.

"அண்ணே, அன்னைக்கு ஸ்டேஷன்ல அந்தம்மா பேசுனதுல ஒரு வார்த்தையாவது ஒங்களுக்குப் புரிஞ்சுச்சாண்ணே?"